லிபோவா எந்த ஜில்லா?

அத்தியாயம் ஏழு

துப்பறியும் ஜௌபர் மனிதர்களை நம்புவதில்லை. கடிகாரத்தையும் நம்புவதில்லை, அதனால் கையில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று. பதுளை பஸாரில் துணிக்கடைக்கு மேலே இருந்த அவருடைய அறைக்கு வந்து யாராவது ‘சத்தியமாகச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்தால், அந்த ஆளின் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சனிக்கிழமை காலை வக்கீல் ஸமீம் ஒரு கடிதத்தைக் கொடுத்திருந்தார். அதில் பிழையென்று எதுவுமே இல்லை. ஜௌபர் அரை மணி நேரமாகப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

“பிழை ஒண்டும் இல்ல. அதான் எனக்கு விருப்பமில்ல” என்றார்.

எதிரே சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்த உதவியாளர் சின்னராசா, அப்படியானால் பிழை உள்ள கடிதமாக ஒன்று எழுதி வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வயது நாற்பது. பதினைந்து வருடம் பதுளை–மடுல்சீமை பஸ்ஸில் கண்டக்டர். மிச்சக் காசை விட வாயை அதிகமாகக் கொடுத்ததால் வேலை போயிற்று. ஜௌபரிடம் வந்து சேர்ந்தார், அண்ணன் முறை வைத்து அவரை ‘நானா’ என்றார். வாய் மட்டும் கூடவே வந்துவிட்டது.

விவகாரம் இதுதான். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஃபக்டரியில் இருபத்தேழு வருடம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டானிஸ்லாவ் என்ற வெள்ளைக்காரர். யுத்தத்துக்குப் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட போலந்துக்காரர். தோட்டத்து ஜனங்களுக்கு அவர் ‘போலந்து தொரை’. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. தன் பெயரில் வாங்கியிருந்த சிறிய பங்களாவில் இருந்தார். இந்த 1978 மே மாதம் இருதய நோயில் இறந்துபோனார்.

உயில் எழுதியிருந்தார். லிபோவா என்ற கிராமத்தில் இருக்கும் தன் தங்கை ஹெலேனா தனக்குப் பின்னும் உயிரோடிருந்தால் பங்களா அவளுக்கு. அவள் தனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால், இருபது வருடம் தனக்குச் சமைத்துப் போட்ட இராக்கம்மாவுக்கு.

ஜூன் மாதத்தில், தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீரய்யா ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஹெலேனா என்று கையெழுத்துப் போட்டு, ஜூன் இரண்டாம் தேதியிட்ட கடிதம். நான் நலம், அண்ணனின் பங்களாவைப் பொறுப்பேற்று விற்றுத் தரும் அதிகாரத்தை வீரய்யாவுக்குக் கொடுக்கிறேன் என்றது அது. திங்கட்கிழமை கோர்ட்டில் தீர்ப்பு. தீர்ப்பு அந்தக் கடிதத்தின் பக்கம் போனால் இராக்கம்மா பாயைச் சுருட்ட வேண்டியதுதான். தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அவளுக்குப் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. அண்ணன் குடும்பம் போன வருடமே கோச்சி ரயிலில் ஏறிவிட்டது. பிறந்தது, தாலி கட்டியது, தாலி அறுத்தது எல்லாம் மடுல்சீமையில். ஐம்பத்திரண்டு வயதில், பார்த்தே அறியாத அப்பன் ஊருக்குப் போய் யார் வீட்டு வாசலில் நிற்பது?

கடிதம் பொய் என்று தனக்குத் தோன்றுவதாகவும், கோர்ட்டுக்குத் தோன்றுவது போதாது என்றும் வக்கீல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜௌபர் இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார். எட்டேகாலும் எட்டு இருபதும். பழைய ஒஸ்டின் கார் பசறை ரோட்டில் ஏறியது.

வீரய்யா குவாட்டர்ஸ் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் மரியாதை. அடுத்த வருடம் பென்ஷன் என்றார். முப்பத்தைந்து வருடம் உழைத்தும் குவாட்டர்ஸை விட்டால் தலைசாய்க்கக் கூரை இல்லை என்று அவர் சொன்னபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஜௌபர் அதற்கும் மனதுக்குள் ஒரு சிவப்புக் கோடு போட்டார். கடிதம் வந்த உறை எங்கே என்று கேட்டார். மழையில் நனைந்து நைந்து போயிற்றாம், ஸ்டாம்பு கூட மிஞ்சவில்லையாம்.

“உறை இல்லாட்டி என்னங்க?” என்றார் வீரய்யா. “விலாசத்தப் பாருங்க. தொரை ஐம்பத்தொண்ணுல வேலைக்குச் சேந்தப்ப அவரு சொல்லச் சொல்ல நானே என் கையால பேரேட்டுல எழுதினேன். கடிதாசில இருக்கிறதும் அதுவும் ஒரு எழுத்து மாறல.”

கேட்காமலே பேரேட்டை எடுத்து விரித்தும் காட்டினார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அந்தக் கதை. பேரேட்டில் தோட்டத்து ஆட்கள் எல்லோருடைய சொந்த ஊரும் இருந்தது. தகப்பன் பெயர், கிராமம், தாலுக்கா, ஜில்லா என்று நான்கு கட்டம். போலந்து தொரைக்கும் அதே நான்கு கட்டம்தான். கிராமம் லிபோவா, தபால் இவானிஸ்கா. தாலுக்கா என்ற இடத்தில் ஓபாத்தூவ். ஜில்லா என்ற இடத்தில் கீல்த்ஸே. கடிதத்தின் தலைப்பிலும் அதே வரிசை, அதே பெயர்கள்.

காரில் ஏறியதும் சின்னராசா, கிளாக்கர் பார்வைக்கு யோக்கியராகத்தான் தெரிகிறார் என்றார். யோக்கியன் வருகிறான், செம்பை எடுத்து உள்ளே வை என்று தன் மாமியார் சொல்வதையும் சேர்த்துக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் ஓர் எழுத்துக் கூட மாறாத விலாசம் ஜௌபரின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

பங்களா என்பது பெரிய பேர். இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் விறகுக் கொட்டில், அதற்கப்பால் மூங்கில் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர். இராக்கம்மா குசினி வாசலில் நின்றாள். மெலிந்த உடம்பு, உட்காரச் சொன்னாலும் உட்காராத பழக்கம். துரையின் கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டதும் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். கிளாக்கர் இதைப் பார்த்திருக்கிறாரா என்றார் ஜௌபர். அவர் இந்தப் படி ஏறியதே இல்லை என்றாள்.

துரையின் ஊரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று ஜௌபர் கேட்டது சந்தேகத்தில்தான். அவளோ மனப்பாடமாகச் சொன்னாள். லிபோவாவில் நாற்பது வீடு. இந்த மாதிரிக் குட்டிக் கிராமம் பதினைந்து இருபது சேர்ந்தால் அதற்கு க்மினா என்று பேர். அதற்கு ஒரு ஆபீஸ், கந்தோர் உண்டு, இவானிஸ்காவில். க்மினாக்கள் பல சேர்ந்தால் போவியாட், அது நம்ம தாலுக்கா மாதிரி. அதற்கும் மேலே ஒரு பெரிய பேர், அது மட்டும் அவள் வாயில் நுழையாது, அதுதான் ஜில்லா.

சின்னராசா அந்தப் பெரிய பேரைக் கடித உறையில் வாசித்துப் பார்த்தார். வொயெவுத்ஸ்த்வோ. “நானா, இத ஹோல்ட்டு பேராக் கூவி ஆள் எறக்கணும்னா, நான் கூவி முடிக்கிறதுக்குள்ள பஸ் டிப்போவுக்கே போயிரும்” என்றார்.

ஜௌபர் சிரிக்கவில்லை. உறைகளைத் தேதிவாரியாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை வருடத்துக்கு ஒன்று, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு எழுதுவாள். ஒவ்வோர் உறையின் முதுகிலும் தன் விலாசத்தை ஒழுங்காக எழுதியிருந்தாள். எழுபத்துநான்கு நத்தார் வரை கிளாக்கரின் பேரேட்டில் இருந்த அதே பெயர்கள். எழுபத்தைந்து நத்தாரில் இருந்து விலாசம் வேறாக இருந்தது. கிராமம் லிபோவாதான். தபாலும் இவானிஸ்காதான். ஆனால் ஓபாத்தூவ் என்ற வரி காணாமல் போயிருந்தது. கீல்த்ஸே இருந்த இடத்தில் தார்னோப்ஷெக் என்றொரு புதுப் பெயர் உட்கார்ந்திருந்தது. எழுபத்தாறிலும் எழுபத்தேழிலும் அப்படியே.

தங்கச்சி வீடு மாறியிருப்பாள் என்றார் சின்னராசா. வீடு மாறினால் கிராமமும் தபாலும் எப்படி அதே இடத்தில் நிற்கும் என்று கேட்டார் ஜௌபர். அப்படியானால் இந்த டின்னில் இருப்பதுதான் கள்ளக் கடிதமோ என்று சின்னராசா விளையாட்டாகச் சொல்ல, ஜௌபர் அதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இராக்கம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு டின்னின் அடியில் கிடந்த பழுப்புத் தாள் என்னவென்று கேட்டார். சந்தேகப் பிராணிக்கு அடி வரை துழாவாவிட்டால் தூக்கம் வராது.

அது அவளுடைய பாஸ்போர்ட் விண்ணப்பம். கண்டியில் உள்ள இந்தியத் தூதரகக் கந்தோரிலிருந்து ஒரு முறை திரும்பி வந்தது. கிராமம் மேலக்குறிச்சி, தாலுக்கா குளத்தூர், ஜில்லா திருச்சிராப்பள்ளி. திருச்சிராப்பள்ளியை யாரோ சிவப்பு மையால் அடித்து, மேலே புதுக்கோட்டை என்று எழுதியிருந்தார்கள்.

“அது நாலு வருசத்துக்கு முந்தி மாறிப்போச்சாங்க” என்றாள் இராக்கம்மா. “எங்கப்பா ஊரு இப்ப புதுக்கோட்டை ஜில்லாவாம். ஊரு அங்கனயேதான் இருக்கு, ஜில்லாதான் மாறிருச்சுன்னாங்க. சரியா எழுதிக் குடுக்கச் சொல்லித் திருப்பிட்டாங்க.”

“ஆரு எழுதினது இத?”

“கிளாக்கர் ஐயாதாங்க. தோட்டத்துல எல்லாருக்கும் அவருதான். பேரேட்டப் பாத்து எழுதுவாரு.”

ஜௌபர் மெதுவாக எழுந்தார். முகத்தில் அன்று முதல் தடவையாக வெளிச்சம் தெரிந்தது. மலைநாட்டில் சொந்த ஊர் என்பது பாட்டன் கப்பலில் கொண்டுவந்த சொத்து. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அப்படியே பிள்ளைக்குக் கொடுப்பார்கள். கிளாக்கர்மாரும் பழைய பேரேட்டைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார்கள். அங்கே ஜில்லாவை வெட்டி ஒட்டினால் இங்கே எவனுக்குத் தெரியும்? இராக்கம்மாவின் அப்பன் ஊருக்கு நடந்தது துரையின் ஊருக்கும் நடந்திருக்கிறது. போலந்துக்காரர்கள் தாலுக்காவைத் தூக்கிவிட்டு ஜில்லாவைப் புதிதாகப் பிரித்திருக்கிறார்கள். லிபோவாவில் உட்கார்ந்து கடிதம் எழுதும் ஹெலேனாவுக்கு அது தெரியும், மூன்று நத்தாராக எழுதியிருக்கிறாள். ஐம்பத்தொன்றாம் வருடப் பேரேட்டைப் பார்த்து எழுதிய வீரய்யாவுக்குத் தெரியாது.

இராக்கம்மாவுக்கும் ஒன்று நினைவு வந்தது. ஒரு நத்தாருக்குக் கடிதம் படித்துவிட்டு துரை வெகுநேரம் சிரித்தாராம். ‘உன் ஊரும் என் ஊரும் ஒண்ணு, ரெண்டு பேருக்கும் ஜில்லாவ மாத்திட்டான்’ என்றாராம்.

“நானா, கிளாக்கர் டிக்கட் பழைய ரூட்டுக்கு வெட்டிட்டாரு” என்றார் சின்னராசா. காரைத் திருப்பட்டுமா என்றும் கேட்டார்.

ஜௌபர் இரண்டு அடி நடந்தவர் அப்படியே நின்றார். வெளிச்சம் போய்விட்டது. கடிதம் கள்ளம் என்று நிரூபித்தாயிற்று. நிரூபித்தது எது? எழுபத்தேழு நத்தாருக்குத் தங்கை தன் கையால் எழுதிய கடிதம். அதாவது, எட்டு மாதத்துக்கு முன் ஹெலேனா உயிரோடு இருந்திருக்கிறாள். கிளாக்கரின் கையிலிருந்து பங்களாவைப் பிடுங்கினால் அது நேராக அவளுக்குத்தான் போகும், இராக்கம்மாவுக்கு இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

அதை வாய்விட்டுச் சொன்னபோது இராக்கம்மா அழவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதுதான் ஜௌபருக்கு உறுத்தியது.

அடுத்து மடுல்சீமைத் தபால் கந்தோர். இந்த வருடம் வீரய்யாவுக்குப் போலந்திலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டால் வக்கீலுக்கு உதவும் என்பது கணக்கு. போஸ்ட்மாஸ்டர் மர்ஸூக் ஸ்டாம்புப் பைத்தியம். வெளிநாட்டுக் கடிதம் எது வந்தாலும் இரண்டு நிமிஷம் கையில் வைத்து ரசித்துவிட்டுத்தான் அனுப்புவார். கிளாக்கருக்கு ஒன்றும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“போலந்துல இருந்து இந்த வருசம் வந்தது ஒண்டே ஒண்டுதான். ரெஜிஸ்டர் தபால். மே பன்னெண்டு. துரைட பங்களாவுக்கு. இந்தா, புத்தகத்துல ஈக்கு.”

பதிவுப் புத்தகத்தில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பக்கத்தில் இராக்கம்மா என்று மர்ஸூக்கின் கையெழுத்து. துரை இறந்தது மே இருபது. டின்னில் அப்படி ஒரு கடிதம் இல்லை.

ஜௌபர் சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, இராக்கம்மா என்ற பெயருக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். சனிக்கிழமை அரை நாள் வேலைதான் என்பதால் கந்தோரைப் பூட்டிவிட்டுத் தங்களோடு வரும்படி மர்ஸூக்கைக் கேட்டார். நான் எதற்கு என்றார் மர்ஸூக். சாட்சிக்கு என்றார் ஜௌபர். தன்னைத் தானே நம்பாத ஒரு மனிதரோடு மர்ஸூக் அன்றுதான் முதன்முதலாகக் காரில் ஏறினார்.

மறுபடியும் பங்களா. ஜௌபர் சுற்றி வளைக்கவில்லை. மே பன்னிரண்டு என்றார். விரல் ரேகை என்றார். தனக்காக வாதாட வந்தவனிடமே பொய் சொன்னால் கோர்ட்டில் என்ன சொல்வாய் என்றார்.

இராக்கம்மா அன்றைக்கு முதல் தடவையாகக் கீழே உட்கார்ந்தாள்.

“கவரச் சுத்திக் கறுப்புக் கரை போட்டிருந்துச்சுங்க. எழுதப் படிக்கத் தெரியாட்டியும் அது தெரியாதா? சாவுக் கடிதாசி. தொரைக்கு அப்ப நெஞ்சு வலி. அதிர்ச்சி எதுவும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருந்தாரு. எப்படிங்க குடுப்பேன்?”

கொடுக்கவில்லை. துரை தினமும் மத்தியானம் தபால் வந்ததா என்று கேட்பாராம். இல்லை என்று எட்டு நாள் சொன்னாளாம். ஒன்பதாம் நாள் கேட்க அவர் இல்லை. சாவுச் செய்தி வந்த தாளை வீட்டுக்குள் வைப்பது வழக்கமில்லை, படித்ததும் கிழித்து எறிந்துவிடுவார்கள். படிக்காத தாளை, அதுவும் இன்னொருவர் பேருக்கு வந்ததை, எப்படிக் கிழிப்பது? வீட்டுக்கு வெளியே வைத்தாள். பிறகு கிளாக்கர் வந்து தங்கச்சி சுகமாக இருக்கிறாள், கடிதம் போட்டிருக்கிறாள் என்றபோது, செத்தது வேறு யாரோ என்று எண்ணிக்கொண்டாள். அரசாங்கத் தபாலை மறைத்ததற்குப் பிடித்துப் போவார்கள் என்ற பயமும் இருந்தது. நன்றாகப் படித்த கிளாக்கர் சொன்னதை நம்பி, தனக்கு எதிராகத் தானே வாயைக் கட்டிக்கொண்டவளை என்னவென்று சொல்வது?

விறகுக் கொட்டிலின் கூரைத் தகரத்துக்குக் கீழே கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டும் ஈயத் தாளில் சுற்றியிருந்தது. மூன்று மாத மழையில் ஒரு துளி இறங்கவில்லை. உறை ஒட்டியபடியே இருந்தது. மர்ஸூக் முத்திரையைப் பார்த்து, தன் கையால் கொடுத்த அதே கடிதம் என்று உறுதி சொன்னார். அனுப்பியவர் விலாசத்தில் ஒரு மாதா கோயிலின் பெயர், இவானிஸ்கா, தார்னோப்ஷெக்.

ஜௌபர் உடனே பிரிக்கவில்லை. செத்தது ஹெலேனாவாக இல்லாவிட்டால் இந்த உறையும் அவளுக்கு எதிராகத்தான் பேசும், பிரித்த பிறகு மூட முடியாது என்று இராக்கம்மாவிடம் சொன்னார்.

“பிரிங்க” என்றாள் அவள். “போதுங்க மறைச்சது.”

மர்ஸூக்கின் பேனாக்கத்தி ஓரத்தைக் கீறியது. உள்ளே ஒரு தடித்த அட்டை, அதிலும் கறுப்புக் கரை. மேலே சிலுவை. மொழி எவருக்கும் தெரியாது, ஆனால் பெயரையும் எண்ணையும் வாசிக்க மொழி வேண்டாம். ஜௌபர் அட்டையையும் டின்னிலிருந்த உறை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஹெலேனா. அதே குடும்பப் பெயர். லிபோவா. இறந்த தேதி, 1978, நான்காம் மாதம் ஒன்பது.

துரைக்கு நாற்பத்தொரு நாள் முன்னால் தங்கை போயிருக்கிறாள். ஜூன் இரண்டாம் தேதி அவள் வீரய்யாவுக்குக் கடிதம் எழுதவும் இல்லை, எழுதவும் முடியாது. உயிலின் இரண்டாவது வரிதான் இனிச் செல்லும். ஜௌபர் நோட்டை எடுத்து, இழுத்த கோட்டை அழிக்கப் பார்த்தார். சிவப்பு மை அழிவதில்லை. தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அக்கா, வீடு ஒங்களுக்குத்தான்” என்றார் சின்னராசா. “திங்கக்கிழமை கிளாக்கர் ஐயா கோர்ட்டுல முழிக்கிற முழிய நான் வந்து நடிச்சுக் காட்டுறேன்.”

அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. செத்தது யாரு என்று கேட்டாள். ஜௌபர் அட்டையைக் காட்டி, துரையின் தங்கை என்றார்.

“தங்கச்சியா?” என்றாள். “தெரியாமலே போயிட்டாரே.”

எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிப் பக்கம் நடந்தாள். மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. இந்தக் குளிரில் எங்கே போகிறீர்கள் என்று சின்னராசா கூப்பிட்டார்.

“தலை முழுகணுங்க” என்றாள் திரும்பாமலே. “ஒடம்பொறந்தவ செத்தா தொரைதானே முழுகணும். அவரு இல்ல. அவரு பக்கத்துல வேற ஆரு இருக்கா?”

மூன்று ஆண்களும் விறகுக் கொட்டிலுக்கு இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். லிபோவாவில் செத்துப்போன, முகம் தெரியாத ஒருத்திக்காக அவள் குடம் குடமாக மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சின்னராசா காருக்குப் போய்த் தன் துவாய்த் துண்டை எடுத்து வந்து குசினி வாசல் கொடியில் போட்டார்.